கீறல் விழாத வண்டி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனை வருடம் தள்ளிப்போட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு கிருத்திகைக்கும் விளக்கேற்றும்போது, இன்றைக்கு உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றும். விளக்கைக் குளிரவைக்கும்போது தைரியமும் சேர்ந்து குளிர்ந்துவிடும். நான் பிளஸ் டூவோடு நின்றவள். கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதியதைத் தவிர வேறு எழுத்துப் பழக்கம் இல்லை. அதைவிடப் பெரிய தடை, இதில் வருகிறவர்கள் என் சொந்த ரத்தம். இப்போது முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் பார்க்கப் பொய் எழுத எனக்குக் கை வராது.

என் வயதுக்காரர்களே, நம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்ப்யூட்டர் வந்த புதிது உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்டேஷனுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால், பிளைவுட் தடுப்பு போட்டு மூன்று மிஷின். தூசு பட்டால் கெட்டுவிடும் என்று செருப்பை வெளியே விடச் சொல்வார்கள். உள்ளே இருட்டு, ஏசி குளிர், சூடான பிளாஸ்டிக் வாசனை. சன்னதியில் நிற்கிற மாதிரி கை கட்டி நின்றவர்கள் நாம். அந்தத் திரையில் தெரிந்ததை நாம் அப்படியே நம்பியதில் ஆச்சரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் அது. ஐப்பசி பிறக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. இரும்பு உருக்கும் கம்பெனிகளின் கரி மழையோடு கலந்து, கொடியில் கிடக்கும் வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாக இறங்கும். அம்மா என் யூனிபார்மைத் துவைத்துத் துவைத்துச் சலித்துப்போனாள். வானம் பல நாள் காலையிலேயே சாயங்காலம் மாதிரி இருந்தது.

நைனா, அதாவது என் அப்பா, ஹைவே ஓரத்தில் ஒரு கார் யார்டில் டிரைவர். டிரைவர் என்றதும் நீங்கள் நினைக்கிற டிரைவர் இல்லை. பாக்டரியிலிருந்து லாரியில் வரும் புதுக் கார்களை இறக்கி, கோடு போட்ட இடத்தில் வரிசையாக நிறுத்துவார். கப்பல் வரும் நாளில் அவற்றை எடுத்து கேட் வரை கொண்டுபோய் விடுவார். அவ்வளவுதான் அவர் ஓட்டம். யார்டுக்குள் ஸ்பீடு காட்டும் முள் இருபதைத் தாண்டக்கூடாது. ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். அதனால் மோதிரம், வாட்ச், பக்கிள் வைத்த பெல்ட் எதற்கும் அனுமதி இல்லை. நைனா பேண்ட்டை நாடாவால் இறுக்கிக் கட்டியிருப்பார். கல்யாண மோதிரம் அரிசி டப்பாவுக்குள் கிடந்தது.

"பொண்டாட்டிய விட காரு ஒசத்தி ஒங்களுக்கு" என்பாள் அம்மா.

"காருக்குக் கீறல் உழுந்தா தெரியும். ஒனக்கு உழுந்தா தெரியவா போவுது" என்பார் நைனா.

சாயங்காலம் அவர் சட்டையை மோந்து பார்ப்பேன். புது சீட்டின் பாலிதீன் உறை வாசனை அதில் ஒட்டியிருக்கும். சோறு சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொல்வார்: "ரெண்டாவது கியரோட நம்ம வண்டி ஓட்டம் முடிஞ்சிது. மூணாவது கியரு போட்டா அந்த வண்டி இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாது." இதை அவர் சொன்னது எங்கள் வீட்டுக்குள். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். வெளியே தெருவில் அவர் 'கார் டிரைவர்'. எங்கள் லைன் வீடுகளில் அப்போது காருக்குள் உட்கார்ந்த வேறு ஆளே கிடையாது.

அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். எனக்குச் சின்ன மாமா. ஐ.டி.ஐ.யில் ஒரு பேப்பர் பாக்கி. அந்தக் கம்ப்யூட்டர் சென்டரைக் காலையில் திறந்து ராத்திரி மூடும் வரை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். நைனா சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் வீட்டுக்கு வருவார், அதனால் அந்தக் கியர் பேச்சு அவர் காதில் விழுந்ததில்லை. அவர் நைனாவை மாமா என்பார், நைனா அவரை மச்சான் என்பார். பள்ளிக்கூடம் போகும் வழியில் அவருக்கு நாஷ்டா கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

"இன்னாம்மே நாஷ்டா?"

"பூரி. ஆறிப்போச்சி மாமா."

"வயித்துக்குள்ள போயி சூடாயிக்கும். ஒக்காரு, இந்த ரவுண்ட முடிச்சிட்டு வரேன்."

அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்தது கார் ரேஸ். சென்டர் அண்ணன், அதாவது சென்டரின் முதலாளி, மெட்ராஸிலிருந்து புதிதாக வாங்கி வந்த சிடி. அதுவரை வந்த ஆட்டங்களில் கார் என்றால் பெட்டிக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். இதில் நிஜக் கம்பெனி வண்டிகள். கதவைச் சாத்தினால் கதவுச் சத்தம். பெயிண்ட்டில் மேகம் நகரும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நீளமான ரோடு, இரண்டு பக்கமும் சுவர். ஒரு மனிதர் குறுக்கே வரமாட்டார், ஒரு மாடு, ஒரு நாய் கிடையாது. வளைவு வந்தால் மாமா வேகத்தைக் குறைக்கமாட்டார். வண்டியை ஓரத்துச் சுவரில் சாய்த்துவிடுவார். நெருப்புப் பொறி பறக்கும். வண்டி உரசிக்கொண்டே திரும்பி, மறுபடி நேராகப் போகும். பெயிண்ட்டில் ஒரு கோடுகூட விழுந்திருக்காது.

ஒருநாள் வண்டியின் கண்ணாடி வழியாக உள்ளே உற்றுப் பார்த்தேன். சீட் இருந்தது. ஆள் இல்லை.

"மாமா, உள்ள ஆளே காணோமே."

"நாந்தான் ஆளு."

"நீ இங்க கீற."

"அங்கயும் நாந்தான் கீறேன். பாக்ஸத் தொற, பசிக்குது."

அவர் சிரித்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் முழுக்க அந்தக் காலி சீட்டே கண்ணில் நின்றது.

சண்டை வந்தது ஒரு காரால். அந்த ஆட்டத்தில் இருந்த சின்னக் கார் ஒன்று நைனா யார்டில் நிற்கிற கார் மாதிரியே இருந்தது. ஆனால் ஸ்டியரிங் இடது பக்கம். தெருப் பையன்கள் கிண்டல் செய்தார்கள். "டுபாக்கூர் கேமு. ஸ்டியரிங் எந்தப் பக்கம்னே தெரியாதவன் செஞ்சிக்கிறான்" என்றான் ஒருத்தன். சென்டர் அண்ணன் ஒல்லியான மனிதர், நெற்றி நிறைய விபூதி, தோளில் எப்போதும் ஒரு தூசு துணி. அவருக்கு முகம் வாடிப்போயிற்று. "எனக்கு இன்னாடா தெரியும், நான் சைக்கிள் ஓட்றவன். நம்ம சென்டர் பையனோட மாமா கார் டிரைவராச்சே, அவர இட்டாந்து காட்டுங்க. அவரு சொல்லட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நைனாவைக் கூப்பிட்டு வந்தார்கள். நானும் கூடப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். நைனா யார்டில் நிற்கிற மாதிரியே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். மிஷினில் கை படக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

"ஸ்டியரிங் லெப்ட்ல கீறது சரிதான்" என்றார் முதலில். "கப்பல்ல போற வண்டிக்கெல்லாம் லெப்ட்டுதான். அந்த நாட்ல ரோடு வேற பக்கம். நான் தெனம் அதுலதான் ஒக்காந்துக்கினு இருக்கறேன்."

கிண்டல் செய்தவன் வாயை மூடிக்கொண்டான். அந்த ஒரு பேச்சில் நைனா அந்த அறைக்கே ஜட்ஜ் ஆகிவிட்டார்.

"திருப்பு மச்சான், வீலக் காட்டு. எத்தினி குச்சி? ஏழு. கரெக்ட்டு. உள்ள போ. முள்ளு எங்க படுத்துக்கினு கீது? ஆங், அங்கதான் படுக்கும். பின்னாடி கண்ணாடிக்கு வைப்பரு? கீது." கொஞ்ச நேரம் பார்த்தார். "ரேடியோ ஏரியலு முன்னாடி இருக்கணும். இவன் பின்னாடி வெச்சிட்டான். அது ஒன்னுதான் தப்பு. மத்ததெல்லாம் அச்சு அசல்."

தப்பு ஒன்றைக் கண்டுபிடித்ததால்தான் எல்லோரும் மீதியை நம்பினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்குப் பெருமையில் உடம்பு சிலிர்த்தது.

அப்போதுதான் சின்ன மாமா கேட்டார். வண்டியை நூற்றுப்பத்தில் விட்டு, வளைவுக்கு முன்னால் பட்டென்று பிரேக் பிடித்துக் காட்டினார். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது.

"மாமா, இத்தப் பாரு. நெஜ வண்டியும் இப்டிதான் நிக்குமா?"

நைனா அந்த வண்டியை இருபதுக்கு மேல் ஓட்டியதே இல்லை. மழையில் நனைந்த தார் ரோட்டில் அதை ஏற்றியதே இல்லை. எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி அவர் கண் என் பக்கம் வந்து போனது.

"நிக்கும்" என்றார். "ஒரு ஜாண் கூட தள்ளாது. புது வண்டி பிரேக்கு அப்டி."

வீட்டுக்குத் திரும்பும்போது தூறல். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"நைனா, நீ ரெண்டாவது கியருக்கு மேல போனதே இல்லன்னியே."

என் விரல்களை அவர் பிடித்த பிடி இறுகியது. கொஞ்ச தூரம் போனதும், "பேசாம வா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் குரலைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது. பேசாமல்தான் வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ காலை மாமாவுக்கு நாஷ்டா கொண்டுபோனேன். பூரி கொடுத்தேன், உப்புமா கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. நைனாவைப் பற்றிக் குறைவாகப் பேச எனக்கு மனசு வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்று. இப்போது என் மகன் போனில் ஆடுகிற ரேஸில் கார் மோதினால் பம்பர் தொங்குகிறது, மழை பெய்தால் சக்கரம் வழுக்குகிறது. அந்தக் காலத்து ஆட்டத்தில் ஏன் ஒரு கீறலும் விழவில்லை என்று அவனைக் கேட்டேன். "நெஜ கம்பெனி வண்டியக் காட்டணும்னா, ஒடஞ்ச மாதிரி காட்டாதேன்னு சில கம்பெனிக்காரங்க சொல்லிடுவாங்கம்மா. ஷோரூம் மாதிரி பளபளன்னு இருக்கணும் அவுங்களுக்கு" என்றான். சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டான். நான் அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன். கீறல் விழக்கூடாது என்று ஒரு யார்டு, கீறல் விழாது என்று ஒரு திரை. நைனாவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

கார்த்திகை பிறந்ததும் யார்டில் அவசரம். கப்பல் முன்கூட்டி வருகிறது, வண்டிகளை ஏற்ற லாரி போதவில்லை. அதனால் ஐந்து ஐந்தாக ரோட்டிலேயே ஓட்டித் துறைமுகத்துக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். ஹைவே டிரைவர்களுக்கு இடது பக்க ஸ்டியரிங் பிடிபடவில்லை. "கை கியருக்குப் போனா கதவுல இடிக்குது சார்" என்று இரண்டு பேர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் நைனாவிடம் புலம்பினார். நைனா சொன்னாராம்: "என் மச்சான் கீறான் சார். அவன் கை லெப்ட் ஸ்டியரிங்லயே பழகினது. லைசன்ஸும் கீது."

கை பழகியது சென்டர் திரையில். லைசன்ஸ் இருந்தது உண்மை. டிரைவிங் ஸ்கூலில் எட்டு நாள் ஓட்டி வாங்கியது. யார்டில் சோதனை வைத்தார்கள். இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸில் விடச் சொன்னார்கள். மாமா ஒரே மூச்சில் விட்டாராம். சூப்பர்வைசர் தோளில் தட்டிக் கொடுத்தாராம். அந்தச் சோதனையும் இருபதுக்குள்தான்.

அம்மா தன் தம்பிக்கு நிலையான வேலை வேண்டி, சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை நேர்ந்திருந்தாள். ஆறாவது செவ்வாய் மழையில் நனைந்துகொண்டே போனோம். நெய் விளக்கு மூன்று தடவை அணைந்து, நாலாவது தடவை நின்றது. திரும்பி வந்தால் மாமா வாசலில் காத்திருந்தார். "அக்கா, வேலை கெடச்சிருச்சி. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க." அம்மா அப்படியே தெருவில் நின்று சிறுவாபுரி இருக்கும் திக்குக்குக் கும்பிட்டாள். நாங்கள் கேட்டது வேலை. அவன் கொடுத்தான். மற்றது எதையும் நாங்கள் கேட்கவில்லை. இன்றுவரை அவன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

மறுநாள் காலை மாமா என் நெற்றியில் விபூதி வைத்துவிட்டார். "பத்து மணிக்கு ஒன் ஸ்கூல் பக்கம்தான் வருவோம். பாத்துக்கினு இரு."

எங்கள் பள்ளிக்கூடம் ஹைவே ஓரம். பத்து மணி பெல்லுக்கு நான் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். தூறல் விட்டு விட்டுப் பெய்தது. ரோடு கறுப்பாக, எண்ணெய் பூசிய மாதிரி மின்னியது. முதல் கார் வந்தது. வெள்ளை. பானட்டில் ஒட்டிய பாலிதீன் இன்னும் உரிக்கவில்லை. மெதுவாகப் போனது. இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் மெதுவாகத்தான் போயின. நாலிலும் மாமா இல்லை. ஐந்தாவது வரவில்லை. எங்கேயோ நடுவில் லாரி புகுந்து பிரித்துவிட்டிருக்கிறது.

பிறகு வந்தது. கூட்டத்தோடு சேர வேண்டும் என்ற அவசரம் அதன் வேகத்தில் தெரிந்தது. நான் கையை ஆட்டினேன். கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் உள்ளே ஆள் இருப்பது எனக்குத் தெரியவில்லை.

பள்ளியைத் தாண்டி, ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில், இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று ஓரம் கட்டி நின்றிருந்தது. பின் விளக்கு எரியவில்லை. மாமா அதைப் பார்க்காமல் போய் மோதினார் என்று ஊரில் சொல்வார்கள். அது தப்பு. காரின் சிவப்பு விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். அவர் பார்த்தார், பிரேக் பிடித்தார். அந்தத் திரையில் எந்தத் தூரத்தில் பிடிப்பாரோ அதே தூரத்தில் பிடித்தார். வண்டி நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் வலது பக்கம் ஒடித்தார். லாரியின் மூலை காரின் இடது பக்கத்தில் ஏறியது. நம் ஊர்க் காராக இருந்திருந்தால் அந்தப் பக்கம் சீட் காலியாக இருந்திருக்கும்.

மாமா மூன்று நாள் உயிரோடு இருந்தார். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் என்னையும் கூட்டிப்போனார்கள். வாய் வீங்கியிருந்தது. நைனாவைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வேண்டும் என்று சைகை காட்டினார். நைனா குனிந்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கும் கேட்டது.

"ஏரியலு ஒன்னுதான் தப்புன்னியே மாமா. இன்னொன்னும் கீது. அது அப்டி நிக்கல."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. பார்த்ததை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. இனி யாராவது கேட்டால் நைனா சரியாகச் சொல்லட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அதற்கு மேல் அவர் பேசவில்லை.

காரியம் முடிந்த அன்று சாயங்காலம், சொந்தக்காரர்களும் தெரு ஆட்களும் சென்டருக்குப் போனார்கள். "பையனுக்குக் கேமக் காட்டிக் காட்டிப் பைத்தியம் பிடிக்க வெச்சி கொன்னுட்டான்" என்றார்கள். பிளைவுட்டைப் பெயர்த்தார்கள். மூன்று மிஷினையும் தெருவில் தூக்கிப் போட்டார்கள். திரைகள் வெடித்தபோது பட்டாசு மாதிரி இல்லை, யாரோ மூச்சு விட்ட மாதிரி இருந்தது. சென்டர் அண்ணனை யாரோ பிடித்துத் தள்ளியதில் அவர் நெற்றி விபூதியோடு ரத்தம் கலந்துவிட்டது. அவர் யாரையும் திட்டவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நைனாவை மட்டும் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றார்.

நைனா தரையைப் பார்த்தார். நான் நைனாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் இருவரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த மாதமே சென்டர் அண்ணன் குடும்பத்தோடு மனைவியின் ஊரான பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டார். எங்கள் தெருவில் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்தப் பையனைக் கொன்றவன் என்றுதான் சொல்கிறார்கள். அவர் பேரப் பிள்ளைகள் காதிலும் அது விழுந்திருக்கிறதாம். நைனா யார்டு வேலையை விட்டு, ரைஸ் மில்லில் மூட்டைக் கணக்கு பார்க்கப் போனார். யாராவது விளையாட்டைத் திட்டினால் தலையாட்டுவார். எத்தனை வருடம் தலையாட்டினார் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நைனா இப்போது என்னோடு இருக்கிறார், பார்வை மங்கிவிட்டது. போன வெள்ளிக்கிழமை, இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசிவரை கேட்டார்.

"நான் சொன்னத ஒழுங்கா எழுதலியே" என்றார்.

பிரேக்கைப் பற்றி மாமா கேட்ட இடத்தில் அவர் 'நிக்கும்' என்று சொன்னதாக மட்டும்தான் எழுதியிருந்தேன். அவர் மனசு நோகக்கூடாது என்று மீதியை விட்டுவிட்டேன்.

"நிக்கும்னு மட்டுமா சொன்னேன்? ஒரு ஜாண் கூட தள்ளாதுன்னேன். புது வண்டி பிரேக்கு அப்டின்னேன். அத்தினி பேரு முன்னாடி தெரியாதுன்னு சொல்ல வெக்கமா பூட்ச்சி. அதையும் எழுது." பிறகு, "பொதட்டூர்பேட்டைக்கி மொத காப்பிய அனுப்பு. அவரு இல்லன்னாலும் பசங்க கைல குடுக்கச் சொல்லு" என்றார்.

மேலே திருத்தி எழுதிவிட்டேன். காப்பியும் எடுத்துவிட்டேன்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொல்லும்போது விளையாட்டு கொன்றது என்று சுருக்கிவிடாதீர்கள். நைனா கொன்றார் என்றும் பெருக்கிவிடாதீர்கள். தெரியாததைத் தெரியும் என்று ஒருவர் சொன்னார், அது தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பழி மூன்றாவது ஒருவர் தலையில் போய் விழுந்தது. இப்படியே சொல்லுங்கள். அந்த ஒரு ஜாணைக் கூட யாரும் குறைத்துவிட வேண்டாம். அது என் நைனா கேட்டுக்கொண்டது.